சில்வர் ஓக் அலமாரிக்கு டிரிம்மரா, பெரிய ரவுட்டரா?

ஏற்காட்டு வாசகர் ஒருவர், தம் காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் மரங்களை அறுத்துப் பலகையாக்கி வைத்திருப்பதாகவும், அவற்றில் ஒரு புத்தக அலமாரியும் மேசைக்கு இரண்டு இழுப்பறைகளும் தாமே செய்ய விரும்புவதாகவும் எழுதியிருக்கிறார். வேகமாகச் சுழலும் வெட்டுமுனையால் (பிட்) மரத்தில் பள்ளமும் விளிம்பு வேலையும் செய்யும் இயந்திரம் ரவுட்டர். சேலத்துக் கடைக்காரர், 12 மி.மீ. தண்டுள்ள பிட் பொருந்தும் பெரிய ரவுட்டரைப் பரிந்துரைக்கிறாராம், அதன் சிறிய வடிவமான கையடக்க டிரிம்மர் போதாதா என்பது வாசகரின் கேள்வி.

போதும். அலமாரிப் பலகையின் விளிம்பை உருட்டுவது, தட்டுகள் உட்காரக் காடி (நீள்பள்ளம்) எடுப்பது, பின்பலகை உட்கார ஓரத்தைப் படிபோல் வெட்டுவது, கீலுக்குப் பள்ளம் எடுப்பது ஆகிய எல்லாவற்றையும் 500 முதல் 700 வாட் வரையுள்ள டிரிம்மர் செய்துவிடும். ஐந்தாறு கிலோ எடையுள்ள பெரிய இயந்திரத்தை 18 மி.மீ. கனமுள்ள பலகையின் ஓரத்தில் சாயாமல் நகர்த்துவது, கை பழகாதவருக்குக் கடினம். ஒன்றரை கிலோ டிரிம்மரில் அந்தத் தொல்லை குறைவு.

கடைக்காரர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 12 மி.மீ. தண்டு, டிரிம்மரில் போடும் 6 மி.மீ. தண்டைப் போல இருமடங்கு தடிமன்தான் என்றாலும், வளையாமல் நிற்கும் உறுதி பதினாறு மடங்காகிறது. ஆகவே கதவுப் பலகைகளுக்கு அகலமான பிட் போட்டு வேலைப்பாடு செய்பவருக்கும், கட்டில் சட்டங்களில் ஆழமான துளை எடுப்பவருக்கும், இயந்திரத்தை மேசையில் கவிழ்த்துப் பொருத்திக்கொள்ள நினைப்பவருக்கும் பெரியதே ஏற்றது. உங்கள் கடிதத்தில் அப்படிப்பட்ட வேலை எதுவும் இல்லை. 6 மி.மீ. ஆழக் காடியை ஒரே இழுப்பில் எடுக்காமல், இரண்டு மூன்று மி.மீ. வீதம் இறக்கி எடுத்தால் டிரிம்மர் திணறாது. 18 மி.மீ. அகலம் வேண்டுமானால், நேரான ரீப்பர் ஒன்றைப் பலகையோடு கிளாம்ப் போட்டு இறுக்கி, 12 மி.மீ. அகலம் வெட்டும் பிட்டை இருமுறை ஓட்டலாம்.

வாங்கும்போது வாட் எண்ணைவிட, பிட்டின் தண்டை இறுக்கிப் பிடிக்கும் கொலெட்டைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ.; அந்த அளவுக் கொலெட்டில் 6 மி.மீ. தண்டைப் போட்டால் எவ்வளவு முறுக்கினாலும் சரியான பிடி கிடைக்காது. ஓடும்போது பிட் மெல்லக் கீழிறங்கிக் காடி தானாக ஆழமாகும், அல்லது பிட்டே தெறித்து வெளியேறும். இயந்திரம் எந்த அளவோ அதே அளவில் பிட் வாங்குங்கள். மாட்டும்போது பிளக்கைக் கழற்றிவிட்டு, தண்டை அடிவரை செலுத்தி, இரண்டு மி.மீ. வெளியே இழுத்து, அதன் பிறகு இறுக்க வேண்டும். மரப்பெட்டியில் வரும் பதினைந்து பிட் தொகுப்பில் பாதியை நீங்கள் தொடவே மாட்டீர்கள். கார்பைடு முனையுள்ள நேர் பிட் ஒன்றும், பேரிங் உள்ள உருட்டு பிட் ஒன்றும் தரமாக வாங்கினால் இந்த வேலை முடிந்துவிடும்.

வேகக் கட்டுப்பாடு உள்ள மாதிரிக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவிடலாம். பல டிரிம்மர்கள் நிமிடத்துக்கு 30,000 சுற்று என்ற ஒரே வேகத்தில்தான் ஓடுகின்றன. மூலையில் ஒரு நொடி தயங்கினாலும் சில்வர் ஓக்கில் கருந்தீய்ச்சல் விழுந்துவிடும். விளிம்பு உங்களை நோக்கி இருக்க, இயந்திரத்தை இடமிருந்து வலமாக நகர்த்துங்கள். எதிர்த்திசையில் போனால் அது கையை மீறி ஓடப் பார்க்கும். நாற்புறமும் உருட்டுவதானால் குறுக்கு முனைகளை முதலில் முடியுங்கள். அங்கே பிய்யும் சிம்பை நீளவாட்டு ஓட்டம் எடுத்துவிடும்.

பலகை காய்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். மலையின் ஈரக்காற்றில் இருந்த பலகை சேலத்து வெயிலுக்கு இறங்கினால் சுருங்கும். அலமாரி அங்கே போகப் போகிறது என்றால், பலகைகளைச் சில வாரங்கள் அந்த வீட்டிலேயே அடுக்கி வைத்த பிறகு காடி எடுங்கள். சில்வர் ஓக் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும் என்பதால், முகக்கவசத்தோடு முழுக்கைச் சட்டையும் அணிந்துகொள்ளுங்கள்.