அமெரிக்க உள்நாட்டுப் போர்: கேள்வி பதில்

1861 முதல் 1865 வரை அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் மோதிய போர் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: தோற்றவர்கள் தோற்ற பிறகு எழுதியதை வைத்துக் காரணம் தேடாதீர்கள். தெற்கு மாநிலங்கள் நாட்டைவிட்டுப் பிரிந்த அன்று அவர்களே எழுதியதைப் படியுங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவி): வடக்கில் ஆலைகள், தெற்கில் வயல்கள். போர் மூள இந்த வேறுபாடே போதாதா?

போதாது அம்மா. ஆலையும் வயலும் ஒன்றை நம்பித்தான் மற்றொன்று பிழைத்தன. தெற்கின் பருத்தியை மாசசூசெட்ஸ் ஆலைகள் நூற்றன, நியூயார்க் வங்கிகள் அதற்குக் கடன் கொடுத்தன. 1860இல் நாட்டின் ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் பருத்திதான்.

பிரிவினைக் கோடு எங்கே விழுந்தது என்று பாருங்கள். அடிமை முறை பரவுவதை எதிர்த்த லிங்கன் குடியரசுத் தலைவர் தேர்தலில் வென்றதும் முதலில் வெளியேறியது சவுத் கரோலினா, 1860 டிசம்பர் 20. அடுத்தது மிசிசிப்பி. அன்று மக்கள்தொகையில் பாதிக்கு மேல் அடிமைகளாக இருந்த மாநிலங்கள் இவை இரண்டுதான். அடிமை முறை இருந்தும் மக்கள்தொகையில் அடிமைகளின் விகிதம் குறைவாக இருந்த டெலாவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசௌரி நான்கும் ஒன்றியத்திலேயே, அதாவது பிரியாத அமெரிக்காவிலேயே, நின்றன. வர்ஜீனியாவுக்குள்ளேயே, அடிமைகள் அரிதாக இருந்த மேற்கு மலைப்பகுதி பிரிவினையை ஏற்காமல் 1863இல் தனி மாநிலமானது. மொழியும் மதமும் ஒன்று, நேற்றுவரை சட்டமன்றமும் ஒன்று. அடிமைகளின் எண்ணிக்கை மட்டும் வேறு.

கேள்வி (வழக்கறிஞர்): போர் மாநில உரிமைக்காக நடந்தது. அடிமை முறை பிற்பாடு ஒட்டவைத்த காரணம்.

எந்த உரிமை, எந்த மாநிலத்தின் உரிமை என்று கேட்டுப் பாருங்கள். சவுத் கரோலினாவின் பிரிவினை அறிக்கையில் முக்கியமான புகார், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தர வடமாநிலங்கள் மறுக்கின்றன என்பதுதான். அடிமையோடு தன் எல்லையைக் கடக்கக்கூட நியூயார்க் விடவில்லை என்றும் அதே அறிக்கை குறைப்படுகிறது. அதாவது, வடமாநிலங்கள் தங்கள் உரிமையைப் பயன்படுத்தியதே குற்றம்! தங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முற்றிலும் பிணைந்தது என்று மிசிசிப்பி தன் அறிக்கையின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டது.

கேள்வி (அதே வழக்கறிஞர்): அறிக்கைகள் உணர்ச்சியில் எழுதப்படுபவை. அரசியலமைப்புச் சட்டத்தைப் பார்க்க வேண்டாமா?

பார்ப்போம். பிரிந்த மாநிலங்கள் சேர்ந்து அமைத்த தென்கூட்டமைப்பு 1861இல் எழுதிய அரசியலமைப்புச் சட்டம், கறுப்பின அடிமைகள் மீதான சொத்துரிமையைக் குறைக்கும் எந்தச் சட்டத்தையும் தன் நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்றது. அந்த மார்ச் மாதம் அதன் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் சவானா நகரில் பேசும்போது, கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்ல என்பதே புதிய அரசின் மூலைக்கல் என்றார். போரில் தோற்றபின் அவரே பிரச்சினை அரசியலமைப்பு பற்றியது என்று புத்தகம் எழுதினார். பிற்பாடு ஒட்டவைத்த காரணம் எது என்று இப்போது நீங்களே சொல்லுங்கள். தொடக்கத்தில் நான் வைத்த வேண்டுகோள் இதற்காகத்தான்.

கேள்வி: இறக்குமதி வரிதானே உண்மையான காரணம்?

இல்லை. 1857இல் வரியைக் குறைத்திருந்தார்கள். அதை உயர்த்திய மோரில் சட்டம் நிறைவேறியது 1861 மார்ச்சில். அதற்குள் ஏழு மாநிலங்கள் வெளியேறிவிட்டன.

கேள்வி: கெட்டிஸ்பர்க் சண்டையில் தெற்கின் தளபதி லீ செய்த தவறு என்ன?

போர் உத்தி என் துறை இல்லை. ராணுவ வரலாறு எழுதுபவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: வரி, மாநில உரிமை இரண்டும் சேர்ந்து...

மேலே இரண்டுக்கும் பதில் இருக்கிறது. அந்த அறிக்கைகளைப் படித்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

கேள்வி (தூத்துக்குடி வாசகர்): நம் பக்கத்துப் பருத்திக்கும் இந்தப் போருக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. அமெரிக்கப் பருத்தி வராமல் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் தவித்தபோது இந்தியப் பருத்தியின் விலை ஏறியது. திருநெல்வேலிப் பருத்தி உங்கள் துறைமுகம் வழியாகத்தான் கப்பலேறியது. 1865இல் போர் முடிந்ததும் விலை விழுந்தது.

கேள்வி (பள்ளி ஆசிரியை): லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம் 1863இல்தானே? அப்படியென்றால் 1861இல் வடக்கு அடிமைகளுக்காகப் போரிடவில்லை அல்லவா?

நல்ல கேள்வி டீச்சர். தெற்கு பிரிந்தது அடிமை முறையைக் காக்க. வடக்கு ஆயுதம் எடுத்தது ஒன்றியத்தைக் காக்க. இவை இரண்டு தனித்தனிக் காரணங்கள். அடிமை முறை இருக்கும் மாநிலங்களில் தலையிட மாட்டேன், புதிய நிலப்பகுதிகளுக்குப் பரவ விடமாட்டேன் என்பதே லிங்கன் முதலில் சொன்னது.

வடக்கின் போரை விடுதலைப் போராக மாற்றியதில் அடிமைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 1861 மே மாதம் வர்ஜீனியாவில் மூன்று பேர் இரவில் படகேறி, ஒன்றியப் படை இருந்த மன்ரோ கோட்டைக்குத் தப்பி வந்தார்கள். எதிரிப் படைக்காகப் பீரங்கி மேடை கட்ட வைக்கப்பட்டிருந்தவர்கள். உரிமையாளர் சார்பில் ஒரு அதிகாரி வந்து கேட்டபோது தளபதி பட்லர் தர மறுத்துவிட்டார். செய்தி பரவியதும் குடும்பம் குடும்பமாக அந்தக் கோட்டைக்கு வரத் தொடங்கினார்கள். போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,80,000 கறுப்பினத்தவர் ஒன்றியப் படையில் சேர்ந்திருந்தார்கள். பாடம் நடத்தும்போது அந்த மூவரின் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: பிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மாலரி, ஜேம்ஸ் டவுன்சென்ட்.