வாசலில் நிற்கும் துப்பாக்கி யார் கணக்கில்?

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் நம் ஊர் வீடுகளிலிருந்தும், முன்னாள் ராணுவத்தினரிடமிருந்தும் துப்பாக்கியையும் காவலையும் சுற்றிப் பல கேள்விகள் வந்திருக்கின்றன. நான்கை எடுத்துக்கொண்டோம்.

"அமெரிக்காவில் ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலக வாசலில் பொதுமக்களே துப்பாக்கியோடு காவல் நின்றார்களாம், ராணுவமே அதை வேண்டாமென்றதாம். மகன் சொன்னான். நாட்டுப்பற்றோடு நிற்பவர்களை ஏன் விரட்ட வேண்டும்?" (வாசகர், கோட்டையூர்)

மகன் சொன்னது 2015-இல் நடந்தது. அந்த ஆண்டு ஜூலை 16 அன்று டென்னசி மாநிலத்தின் சட்டனூகா நகரில், கடைகளோடு கடையாக வாடகைக்கு இருந்த ஆள்சேர்ப்பு அலுவலகத்தை ஒருவன் காரில் இருந்தபடியே சுட்டான். பிறகு சில மைல் தள்ளியிருந்த கடற்படை ரிசர்வ் மையத்துக்குள் புகுந்தான். நான்கு மரைன் வீரர்கள் அன்றே இறந்தார்கள். கடற்படை வீரர் ஒருவர் இரண்டு நாள் கழித்து இறந்தார். போலீஸ் சுட்டதில் அவனும் செத்தான். ஆள்சேர்ப்பு அலுவலர்கள் ஆயுதம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அங்கே அப்போதிருந்த நடைமுறை. 'நம் வீரர்கள் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பதா' என்ற கோபத்தில் பல மாநிலங்களில் ஆட்கள் நாற்காலி போட்டு, ரைஃபிளோடு வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

தாக்குதல் நடந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஜூலை 23 அன்று ஒஹாயோ மாநிலத்தின் லங்காஸ்டர் ஊரில், காவல் நின்ற ஒருவரிடம் யாரோ துப்பாக்கியைப் பார்க்கக் கேட்டார்கள். அவர் தோட்டாக்களை எடுத்துக் காலி செய்யப் போனபோது வெடித்துவிட்டது. குண்டு தரையில் பாய்ந்ததால் யாருக்கும் அடிபடவில்லை. மறுநாளே அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, 'அக்கறைக்கு நன்றி, தயவுசெய்து நிற்காதீர்கள்' என்று கேட்டுக்கொண்டது.

இப்படிப்பட்ட விபத்துகளில் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். மேகசினை (தோட்டாப் பெட்டியை) கழற்றியதும் துப்பாக்கி காலி என்று நினைத்துவிடுவார்கள். முதல் தோட்டா ஏற்கெனவே மேலே ஏறிக் குழலின் அடியறையில் உட்கார்ந்திருக்கும். மேகசினைக் கழற்றினால் அது போய்விடாது. முறை என்னவென்றால், குழலை மணல் நிரப்பிய வாளியை நோக்கி வைத்து, விரலை விசைக்கு வெளியே நீட்டிக்கொண்டு, முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும். பிறகு போல்ட்டை (தோட்டாவை அறைக்குள் தள்ளும் பாகத்தை) இரண்டு மூன்று தடவை முழுதாக இழுத்து, அறைக்குள் கண்ணால் பார்த்து, விரலை விட்டும் தடவிப் பார்க்க வேண்டும். வரிசை மாறி, போல்ட்டை இழுத்துவிட்டு மேகசினைக் கழற்றினால், போல்ட் திரும்பும்போது அடுத்த தோட்டாவை அறைக்குள் தள்ளிவிட்டிருக்கும். முகாமில் காவல் மாறும்போதெல்லாம் இதை ஒருவர் செய்ய, இன்னொருவர் நின்று பார்ப்பார். கடைத்தெரு நடைபாதையில் மணல் வாளியும் இல்லை, பார்க்க இன்னொருவரும் இல்லை.

விபத்தைவிடப் பெரிய காரணம் வேறு. துப்பாக்கிச் சத்தம் கேட்டு வரும் போலீஸ்காரருக்கு, சாதாரண உடையில் ரைஃபிளோடு நிற்பவர்களில் காவலன் யார், கொலைகாரன் யார் என்று எப்படித் தெரியும்? வந்து இறங்கியதும் ஒரு நொடியில் முடிவு செய்ய வேண்டியவர் அவர். அதனால்தான் வாசலில் நிற்கும் இந்த ஆட்களோடு பேச்சு வளர்க்க வேண்டாம், இவர்களையும் பாதுகாப்புச் சிக்கலாகவே பாருங்கள் என்று ஆள்சேர்ப்பு அலுவலர்களுக்கு அறிவுறுத்தல் போனது. கேட்கக் கசப்பாக இருக்கலாம், ஆனால் சரியான அறிவுறுத்தல். போதாததற்கு, சட்டனூகாவில் சுட்டவன் காரிலிருந்து கண்ணாடி முகப்பைப் பார்த்துச் சுட்டான். நடைபாதையில் நாற்காலி போட்டிருப்பவர்தான் அவனுக்கு முதலில் படுவார்.

வீரர்கள் வெறுங்கையோடு இருப்பது தவறு என்ற வாதத்தில் நியாயம் இருந்தது. பயிற்சி பெற்ற தங்கள் ஆட்களிடம் ஆயுதம் இருக்கத் தளபதிகளே அனுமதி கொடுக்கும் வழி பின்னால் உண்டானது. எங்கள் கருத்தில் அது போதும்.

"நாங்கள் தேவகோட்டைப் பக்கம் இருபது முன்னாள் ராணுவத்தினர். ஆறு பேரிடம் உரிமத்தோடு துப்பாக்கி உண்டு. நம் பகுதியில் அக்னிவீர் முகாம் நடந்தால் சம்பளமில்லாமல் காவல் நிற்கத் தயார். யாரிடம் அனுமதி கேட்பது?" (முன்னாள் ஹவில்தார்)

துப்பாக்கியோடு என்றால் எவரிடமும் கேட்க வேண்டாம் ஐயா, கிடைக்காது. துப்பாக்கி இல்லாமல் என்றால் வேலை நிறைய இருக்கிறது.

உங்கள் உரிமப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். தற்காப்பு, பயிர்க்காப்பு, விளையாட்டு என்று எதைச் சொல்லி வாங்கினீர்களோ அதற்குத்தான் அது. பொது இடத்தில் துப்பாக்கியை உறையில்தான் கொண்டுபோகலாம். கையில் தூக்கிக் காட்டி நிற்பதற்குத் தடை. உரிம நிபந்தனையை மீறினால், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 30-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. உரிமம் ரத்தாவது தனி. அஜாக்கிரதையாகக் கையாண்டு பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால், 2019 திருத்தத்தின்படி இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. யாருக்கும் அடிபடாத ஒஹாயோ விபத்து நம் ஊரில் நடந்தாலும் இந்தப் பிரிவு பாயும்.

உங்களிடம் இருப்பது பன்னிரண்டு 'போர்' (bore, குழலின் அளவு) துப்பாக்கியாக இருந்தால் இன்னொன்றும் யோசியுங்கள். ஒரு எஸ்.ஜி. தோட்டாவில் எட்டு ஒன்பது ஈயக்குண்டுகள். இருபது முப்பது அடியில் அவை ஒன்றாகப் போகும். தூரம் கூடக் கூடப் பரவும். ஆயிரம் பையன்கள் வரிசையில் நிற்கும் மைதான வாசலில் அந்த எட்டுக்கும் ஒன்பதுக்கும் யார் பொறுப்பு?

'நாங்கள் பயிற்சி பெற்றவர்கள்' என்பீர்கள். சட்டமும் அதை மதிக்கிறது. தனியார் காவலுக்கான 2005 சட்டத்தின் கீழ் வந்த மாதிரி விதிகளில், புதிய ஆளுக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் கட்டாயம். முன்னாள் ராணுவத்தினருக்கு 40-ம் 16-ம் போதும். ஆனால் உங்களுக்கும் அது தேவை என்பதைக் கவனியுங்கள். போர்முனையில் எதிரி எதிரே இருப்பான். இங்கே எதிரே இருப்பது பொதுஜனம். உங்கள் பழைய சீருடையை மட்டும் எடுத்து மாட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். பணியில் உள்ள சிப்பாய் என்று பிறர் நம்பும்படி உடுத்துவது தனிக் குற்றம்.

ஆயுதத்தோடு காவல் நிற்கும் ஆசை நிஜமாகவே இருந்தால், முன்னாள் வீரர்களைக் கொண்டே ராணுவ இடங்களைக் காக்கும் டி.எஸ்.சி. படை 1947-லிருந்து இருக்கிறது. வயதும் மருத்துவத் தகுதியும் இருந்தால் அதில் சேருங்கள்.

இனி முகாம் வேலை. சிவகங்கை மாவட்டம் திருச்சி ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் வருகிறது. சிவகங்கையிலுள்ள முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகத்தில் உங்கள் இருபது பேரின் பெயர், படைஎண், செல்பேசி எண் கொண்ட பட்டியலைக் கடிதத்தோடு முன்கூட்டியே கொடுங்கள். இந்த முகாம்களில் எங்கள் பயம் துப்பாக்கிக்காரன் இல்லை. விடியுமுன் வாசலில் சேரும் நெரிசல், வெயிலில் மயக்கம், 'சேர்த்துவிடுகிறேன், பணம் கொடு' என்று சுற்றும் புரோக்கர், இந்த மூன்றும்தான்.

நெரிசலுக்கு, வரிசையை வாசலிலிருந்து தள்ளியே தொடங்கி ஐம்பது ஐம்பது பேராக விடுங்கள். வாசலுக்கு நேர் எதிரே கூட்டத்தைச் சேர விடாதீர்கள். மயக்கத்துக்கு, ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றுக்குச் சரியாக ஒரு லிட்டர் தண்ணீர். சீக்கிரம் தெம்பு வரட்டும் என்று அரை லிட்டரில் கலந்து கொடுப்பவர்கள் உண்டு. உப்பு கூடி வாந்தியில் முடியும். 1.6 கிலோமீட்டர் ஓடப் போகிறவனுக்கு ஓட்டத்துக்கு முந்தின நிமிடம் சொம்பு சொம்பாகக் கொடுக்காதீர்கள், வயிறு பிடித்துக்கொள்ளும். பைகளுக்கு டோக்கன் போடுங்கள். புரோக்கரைக் கண்டால் நீங்கள் பிடித்துக் கட்ட வேண்டாம். அடையாளத்தைக் குறித்து, பணியில் உள்ள போலீஸிடம் சொன்னால் போதும்.

"காஷ்மீரில் கிராமத்தாருக்கு அரசே துப்பாக்கி கொடுக்கிறதே? நம் பக்கத்திலும் அந்தக் காலத்தில் ஊர்க்காவல் இருந்ததே? இப்போது மட்டும் ஏன் கூடாது?" (வாசகர், கல்லல்)

இரண்டும் நல்ல எடுத்துக்காட்டுகள். ஆனால் இரண்டும் உங்கள் கட்சிக்குச் சாட்சி சொல்லவில்லை.

ஜம்முவின் மலைக் கிராமங்களில் தொண்ணூறுகளின் நடுவில் தொடங்கிய கிராமப் பாதுகாப்புக் குழுக்களுக்குப் போலீஸ்தான் .303 ரைஃபிள் கொடுத்தது. 2022-இல் திருத்திய திட்டப்படி, குழுத் தலைவருக்கு மாதம் 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 4,000. எல்லாரும் மாவட்டப் போலீஸ் கண்காணிப்பாளரின் கட்டுப்பாட்டில். துப்பாக்கி எண், ஆள், மேலதிகாரி எல்லாம் ஏட்டில் இருக்கிறது. இவ்வளவு இருந்தும் அரசு தவறலாம். சத்தீஸ்கரில் அதிகம் படிக்காத பழங்குடி இளைஞர்களுக்கு இரண்டு மாதப் பயிற்சியும் மாதம் 3,000 ரூபாய் மதிப்பூதியமும் கொடுத்து, ஆயுதத்தோடு சிறப்புப் போலீஸாக்கி மாவோயிஸ்டுகளுக்கு எதிரே நிறுத்தினார்கள். அது அரசமைப்புச் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜூலை 5 அன்று தீர்ப்பளித்து, ஆயுதங்களைத் திரும்ப வாங்கச் சொன்னது.

நம் சீமைக் காவல் இன்னும் கறாரானது. காவல்காரர் ஊர் விளைச்சலில் பங்கு வாங்கினார். மாடு களவு போனால் தேடிக் கொடுக்க வேண்டும்; கிடைக்காவிட்டால் அதன் விலையை அவரே கட்ட வேண்டும். துப்புச் சொன்னவனுக்குத் துப்புக்கூலி என்று தனிக் கணக்கே இருந்தது. அந்த முறையிலும் அடாவடி நிறைய நடந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் காவலன் தவறினால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று ஊருக்குத் தெரியும். ஒஹாயோக்காரர் நின்றது யார் கணக்கிலும் இல்லை.

இன்றைக்கு ஊருக்குக் காவல் செய்ய ஆசைப்படும் இளைஞருக்கு மாவட்டப் போலீஸின் கீழ் ஊர்க்காவல் படை இருக்கிறது. வேலையில் இருந்துகொண்டே ராணுவத்தோடு சேர 18 முதல் 42 வயது வரை டெரிட்டோரியல் ஆர்மி இருக்கிறது.

"கானாடுகாத்தான் வீட்டில் வளவு அறையைச் சுத்தம் செய்தபோது ஐயா (தாத்தா) காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி கிடைத்தது. அப்பச்சியும் (அப்பாவும்) தவறிவிட்டார்கள். 'பழசுதானே, முகப்பில் மாட்டலாம்' என்கிறார் என் தம்பி. மாட்டலாமா?" (வாசகி)

மாட்டாதீர்கள் ஆச்சி. பழசு என்பதால் உரிமம் வேண்டாம் என்று ஆகாது. பழுது பார்த்தாலும் இனிச் சுடவே முடியாது என்ற நிலையில் இருந்தால்தான் சட்டம் விலக்குக் கொடுக்கிறது. உரிமம் வைத்திருந்தவர் இறந்தால், தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். பிறகு வாரிசு தன் பெயரில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் கேட்பார்கள். உங்கள் வீட்டில் எத்தனை புள்ளியோ (தனிக் குடும்பமோ) அத்தனை கையெழுத்துக்குத் தயாராக இருங்கள்.

இப்போதைக்கு யாரும் அதைத் தூக்கிக் குறிபார்க்க வேண்டாம். அந்தக் காலத்தில் தோட்டாவோடு அப்படியே வைத்த துப்பாக்கிகள் உண்டு. குழலில் கயிறு முறுக்கியதுபோல் ரேகை ஓடினால் அது டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம். கரிமருந்துக் காலத்துச் சரக்கு, இன்றைய தோட்டா போட்டால் குழலே வெடிக்கலாம். நிலையத்துக்கு முதலில் போனில் சொல்லுங்கள், அவர்களே வந்து எடுத்துக்கொள்ளலாம். நீங்களே கொண்டுவரச் சொன்னால், துப்பாக்கி தெரிந்த ஒருவர் மேலேயுள்ள நெம்பியை விலக்கி, குழலை மடித்து, இரண்டு துளையிலும் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கட்டும். துரு பிடித்து மடங்கவில்லை என்றால் தட்டாதீர்கள், எண்ணெயும் விடாதீர்கள். மடங்கவில்லை என்று அவர்களிடமே சொல்லுங்கள். பழைய உரிமப் புத்தகம் பெட்டகத்தில் இருக்கிறதா என்று தேடி எடுத்து, இறப்புச் சான்று நகலோடு கொடுங்கள். ரசீதில் குழலில் வெட்டியிருக்கும் எண் சரியாக ஏறியிருக்கிறதா என்று அங்கேயே நின்று சரிபார்த்து வாங்குங்கள்.