பாஸ்கல் செய்நிரல் பிழையில்லாமல் கொம்பைல் ஆகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. எங்கே பார்ப்பது?

தம்பி, 10 பேரின் புள்ளிகளைக் கூட்டிச் சராசரி காட்டும் 11ஆம் தரப் பயிற்சியை யாழ்ப்பாணத்தில் உங்கள் பாடசாலைக் கணினிக் கூடத்தில் ஃப்ரீ பாஸ்கலில் எழுதியிருக்கிறீர்கள். கொம்பைல் பண்ணினால் பிழை இல்லை, ஓடவிட்டால் விடையும் இல்லை என்கிறீர்கள்.

கொம்பைலர், அதாவது செய்நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள், பார்ப்பது இலக்கணத்தை மட்டும்தான். நீங்கள் நினைத்த வேலையைத்தான் எழுதியிருக்கிறீர்களா என்பது அதற்குத் தெரியாது. அதனால் வரிகளில் கைவைக்க முன்னம் செய்நிரல் இப்போது எந்த நிலையில் நிற்கிறது என்று பிடியுங்கள்: ஓடி முடிந்துவிட்டதா, உங்களிடம் எண் கேட்டுக் காத்திருக்கிறதா, ஒரே இடத்தில் சுற்றுகிறதா, பாதியில் விழுந்துவிட்டதா? இது தெரியாமல் கண்டபடி மாற்றினால் பழைய பிழையோடு புதுப் பிழையும் சேரும்.

எஃப்2 அழுத்திச் சேமியுங்கள். சுற்றிக்கொண்டு நிற்கும் செய்நிரலை நிறுத்தப் போய் ஃப்ரீ பாஸ்கலே மூடப்பட்டால் எழுதியதெல்லாம் போய்விடும். பிறகு கன்ட்ரோல் எஃப்9 ஆல் ஓடவிட்டு, உடனே ஆல்ட் எஃப்5 அழுத்திப் பாருங்கள். செய்நிரல் எழுதிய திரை அங்கேதான் இருக்கிறது. கண் இமைக்கும் நேரத்தில் ஓடி முடிந்து எடிட்டருக்குத் திரும்பிவிடுவதால்தான் பலர் விடை வரவில்லை என்று நினைக்கிறார்கள்.

விடை அங்கே இருந்தால், கடைசி என்டுக்கு முந்தின வரியாக ரீட்லைன்; என்று போடுங்கள். என்டர் தட்டும்வரை திரை நிற்கும். அதைப் போட்டும் நிற்கவில்லையென்றால் புள்ளிகளை ரீட்(எக்ஸ்) என்று வாங்கியிருப்பீர்கள். ரீட் எண்ணை மட்டும் எடுக்கும், நீங்கள் தட்டிய என்டரை மிச்சம் விடும். கடைசி ரீட்லைன் அந்த மிச்ச என்டரை விழுங்கிவிட்டுப் போய்விடும். எல்லா இடத்திலும் ரீட்லைன்(எக்ஸ்) என்று மாற்றினால் சரிவரும்.

கறுப்பு யன்னல் மூடாமல் கர்சர் மின்னிக்கொண்டே நின்றால் ஓர் எண்ணைத் தட்டிப் பாருங்கள். விண்டோஸில் அந்த எண் திரையில் தெரிந்தால் செய்நிரல் உங்களுக்காகக் காத்திருக்கிறது. 'புள்ளியைத் தருக' என்று கேட்கும் ரைட் வரியை முன்னால் எழுத மறந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். எண் தெரியவில்லையென்றால் அது சுற்றுகிறது. கன்ட்ரோல் சி யால் நிறுத்திவிட்டு வைல் வரியின் கடைசியைப் பாருங்கள்:

வைல் ஐ <= 10 டூ;

டூவுக்குப் பின்னால் இருக்கும் அந்த அரைப்புள்ளிதான் காரணம். லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதி, அந்த அரைப்புள்ளியோடேயே முடிந்துவிடுகிறது. கீழே பிகின், என்டுக்குள் நீங்கள் எழுதியவை லூப்பைச் சேர்ந்தவை அல்ல. ஐ என்ற மாறியின் பெறுமானம் அதிகரிக்காமல் 1 ஆகவே இருக்கும், நிபந்தனை ஒருநாளும் பொய்யாகாது. இலக்கணப்படி இது சரியான வரி, ஆகவே கொம்பைலர் மறிக்காது. அரைப்புள்ளி இல்லாமலும் சுற்றினால் ஐ := ஐ + 1 விடுபட்டிருக்கும்.

இதற்கு நேர்மாறானது ஃபோர் ஐ := 10 டு 1 டூ. இது ஒரு தடவைகூட உள்ளே போகாது. இறங்குவரிசைக்கு டவுன்டு போட வேண்டும். புரொசீஜர் (தனிப் பெயரிட்ட துணைச் செய்நிரல்) எழுதிவிட்டுப் பிரதான பிகின், என்டுக்குள் அதன் பெயரைச் சொல்லி அழைக்காவிட்டாலும் இதே வெறுமைதான்.

பாதியில் விழுந்ததா என்று அறிய, எக்ஸ்இ கோப்பை இரட்டைக் கிளிக் பண்ணாமல் சிஎம்டி என்ற விண்டோஸின் கட்டளை யன்னலைத் திறந்து, அந்தக் கோப்புறைக்குப் போய், அதன் பெயரைத் தட்டி ஓடவிடுங்கள். யன்னல் மூடாது, 'ரன்டைம் எரர்' இலக்கம் கண்ணில் படும். 106 என்றால் எண் கேட்ட இடத்தில் எழுத்துத் தட்டியிருக்கிறீர்கள். 200 என்றால் பூச்சியத்தால் வகுத்திருக்கிறீர்கள். எண்ணிக்கை மாறியை 0 இலேயே விட்டுவிட்டுச் சராசரி எடுக்கப் போனால் இது வரும்.

இன்னும் பிடிபடவில்லையா? பிகினுக்கு அடுத்து ரைட்லைன்(1), லூப்புக்குள் ரைட்லைன்(2), லூப் முடிந்ததும் ரைட்லைன்(3) போடுங்கள். எண்ணாகவே போடுங்கள், கறுப்பு யன்னலில் தமிழ் எழுத்துப் பெரும்பாலும் ஒழுங்காக வராது. 1 மட்டும் வந்து நின்றால் பிழை லூப்பின் தலையில். 2 முடிவில்லாமல் வந்தால் நிபந்தனையில். 3 உம் வந்துவிட்டால் விடையைக் காட்டும் வரியைத்தான் பார்க்க வேண்டும். அதையும் செய்துவிட்டு, எந்த எண்ணோடு நின்றது என்பதையும் முழுச் செய்நிரலையும் இங்கே போடுங்கள், பார்க்கலாம்.