மச்சான் கோல்ஃப் விளையாட அங்கத்துவம் வேண்டுமா?

கேள்வி: ஆவணியில் மச்சான் குடும்பம் ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணம் வருகிறது. அவர் கோல்ஃப் பிரியர், இடதுகைக்காரர். இங்கும் ஒரு நாள் விளையாட ஆசைப்படுகிறார். எங்களுக்கு எந்தக் கழகத்திலும் அங்கத்துவம் இல்லை. உள்ளே விடுவார்களா? எவ்வளவு முடியும்?
- கொக்குவில் வாசகர்

பதில்: விடுவார்கள். ஒரு நாள் ஆட்டத்துக்காக யாரும் அங்கத்துவம் வாங்கத் தேவையில்லை.

ரொறன்ரோவில் மாநகரசபையே நடத்தும் திடல்களில் காசு கட்டி யாரும் விளையாடலாம். இங்கே திடல்கள் பெரும்பாலும் கழகங்கள், விடுதிகள், விமானப்படை ஆகியோரிடம் இருக்கின்றன. ஆனாலும் வெளியாருக்கு நாள் கட்டணத்தில் இடம் கொடுக்கிறார்கள். வார இறுதியில் அங்கத்தவர்களுக்கே முதலிடம் கிடைக்கக்கூடும். அதனால் வார நாளில் போவதே நல்லது.

நமக்குக் கிட்ட இருப்பவை அநுராதபுரத்திலும் திருகோணமலை சீனக்குடாவிலும் உள்ள விமானப்படைத் திடல்கள். கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும். 1889இல் தொடங்கிய நுவரெலியாக் கழகமும், கண்டிக்குப் பக்கத்தில் திகனையில் உள்ள விக்டோரியாத் திடலும் அழகான இடங்கள்தான், ஆனால் தூரம். ஆவணியில் நுவரெலியாவில் மழைக்கும் வாய்ப்புண்டு. அந்த மாதத்தில் நான் சீனக்குடாவைத்தான் சொல்வேன். வெயில் கடுமை, விடியற்காலை நேரத்தையே கேளுங்கள்.

இனிக் காசுக் கதை. தொலைபேசியில் சொல்லும் தொகை பெரும்பாலும் 'கிரீன் ஃபீ' மட்டும்தான், அதாவது திடலில் இறங்குவதற்கான கட்டணம். பை தூக்கி வரும் கெடிக்குத் தனி, மட்டை வாடகை தனி, சப்பாத்து தனி, பந்தும் தனி. லண்டனிலிருந்து வந்த என் ஒன்றுவிட்ட அண்ணனோடு ஒரு திடலுக்குப் போனபோது, சொன்ன தொகையை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு போனோம். கவுண்டரில் பற்றுச்சீட்டை நீட்டியபோது அதில் ஐந்து தனித்தனித் தொகைகள் இருந்தன. கடைசித் தொகை வற் வரி. பிள்ளைகளுக்கு முன்னால் அண்ணன் பேர்ஸைத் திறந்து திறந்து பார்த்தது இன்றும் எனக்கு மனவருத்தம். முதலே கேட்டிருக்க வேண்டியது நான்தான்.

ஆகவே, "ஒருவர் 18 குழி விளையாடி முடித்து வெளியே வர, வரியோடு மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டு, பதிலை வட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் வாங்குங்கள். உள்நாட்டவருக்கும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கும் கட்டணம் வேறுபடலாம். நீங்களும் விளையாடுவதென்றால் அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள். மழை வந்து பாதியில் நின்றால் காசு திரும்புமா, வேறு நாள் தருவார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். உடுப்பு விஷயம் சின்னது: கொலர் வைத்த சேட் போடட்டும், ஜீன்ஸ் வேண்டாம்.

அப்புறம், அந்த இடதுகை. வாடகை மட்டைகள் பெரும்பாலும் வலதுகைக்காரருக்கானவை. இடதுகை செட் இருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். இல்லையென்றால் மச்சான் தன்னுடையதையே கொண்டுவர வேண்டும். கோல்ஃப் பையை டிக்கெட்டின் பொதி நிறைக்குள் சேர்ப்பார்களா, தனியாகக் காசு கேட்பார்களா என்று விமான நிறுவனத்திடம் அவர் இப்போதே விசாரிக்கட்டும்.