மே மாதம் இலங்கைக்கு வரலாமா?

"மே மாதம்தான் பிள்ளைகளுக்கு விடுமுறை. ஆனால் அப்போது இலங்கையில் மழைக்காலம் என்கிறார்களே, வரலாமா?" என்று சென்னையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாருங்கள். எந்தப் பக்கம் போவது என்பதை மட்டும் முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். நான் பிறந்தது யாழ்ப்பாணத்தில், வேலை பார்ப்பது மலைநாட்டு ஊரான பண்டாரவளையில். ஒரே மாதத்தில் ஒரு பக்கம் வெள்ளமும் மறுபக்கம் வறட்சியும் இருப்பது எங்களுக்குப் பழகிப்போன விஷயம்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஜூலையில் கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் ரயிலில் ஏறுங்கள். ஹட்டன், நானுஓயா வரை ஜன்னலைத் திறக்கவே முடியாது. தூறல், பனிமூட்டம், ஸ்வெட்டருக்குள்ளும் குளிர். பட்டிப்பொல நிலையம் தாண்டியதும் ஒரு சுரங்கப்பாதை வரும். அதிலிருந்து வெளியே வந்தால் பல நாட்களில் பளீரென்று வெயில். ஒஹிய பக்கத்துச் சரிவில் புல் காய்ந்து நிற்கும். சற்று முன்வரை நனைந்த தோட்டங்களைப் பார்த்தவர்கள் எட்டி எட்டிப் பார்ப்பார்கள்.

காரணம் நடுவில் நிற்கும் மலைதான். மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. 2,524 மீட்டர் உயரமுள்ள பீதுருதாலகாலை இருக்கும் மத்திய மலைநாட்டில் அது மோதி மேலேறிக் குளிர்ந்து, மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டர்கூடப் பெய்யும். மலையைத் தாண்டி, கிழக்கே உள்ள ஊவா பக்கம் இறங்கும்போது காற்றில் ஈரமில்லை, இறங்க இறங்கச் சூடும் ஏறுகிறது. மட்டக்களப்பில் அந்தக் காற்றைத்தான் கச்சான் என்பார்கள். கச்சான் அடிக்கும் மாதங்களில் உதடு வெடிக்கும், காயப்போட்ட துணி சீக்கிரமே மொறமொறவென்று ஆகிவிடும். ஆனால் அந்த வறண்ட காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணத்தைத் தருகிறது. அங்கே சிறந்த தேயிலை ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை. மலைக்கு மேற்கே உள்ள திம்புள்ளைக்கு அதே யோகம் ஜனவரி முதல் மார்ச் வரை அடிக்கிறது.

யாழ்ப்பாணத்தின் கணக்கே வேறு. உங்களுக்கு வரும் அதே ஐப்பசி கார்த்திகை அடைமழைதான் எங்களுக்கும். ஆண்டு மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல், வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. மாரியில் நிலத்துக்குள் இறங்கிய தண்ணீரை வைத்துத்தான் அடுத்த மாரி வரை காலம் தள்ள வேண்டும். கார்த்திகையில் எங்கள் வீட்டுக் கிணற்றில் குனிந்து வாளியால் அள்ளலாம். ஆவணியில் கயிறு முழுவதும் இறங்கும், கரையோர ஊர்களில் தண்ணீர் உவர்க்கத் தொடங்கிவிடும். மாரி பொய்த்தால் அடுத்த வருடம் முழுக்கச் சிரமம். அதனால் எங்கள் பக்கம் யாரும் மழையைத் திட்டி நான் கேட்டதில்லை.

புயலும் அந்த அடைமழை மாதங்களில்தான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் முதலில் எங்கள் வடபகுதியைத்தான் கடந்து போனது. 1978 நவம்பர் 23 இரவை மட்டக்களப்பில் பெரியவர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மாய்வார்கள்.

இந்த மாற்றத்தை வைத்தே பிழைப்பவர்களும் உண்டு. நீர்கொழும்பு, சிலாபம் மீனவர்கள் தென்மேற்குக் காற்றில் தங்கள் கடல் கொந்தளிக்கத் தொடங்கியதும் திருகோணமலை, முல்லைத்தீவுக் கரைகளில் வந்து வாடி, அதாவது தற்காலிகக் குடிசை, அமைத்துத் தொழில் செய்வார்கள். சிவனொளிபாத மலைக்கு யாத்திரைக் காலம் டிசம்பரில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியோடு முடிவதும் இந்த மழைக் கணக்கோடு ஒத்துப்போகும்.

சரி, உங்கள் மே மாதத்துக்கு வருவோம். முதல் இரண்டு வாரம் என்றால் கண்டி, நுவரெலியா, காலி எல்லாம் போகலாம். காலையில் வெயில் இருக்கும், பிற்பகலில் இடியோடு மழை வரும். அதனால் சுற்றுவதை மதியத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசி என்றால் இரத்தினபுரி, களுத்துறை, கேகாலைப் பக்கம் வேண்டவே வேண்டாம். 2017 மே மாதக் கடைசியில் வந்த வெள்ளத்திலும் மண்சரிவிலும் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலைப்பகுதியில் தங்கினால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடும் மண்சரிவு எச்சரிக்கையைத் தினமும் பாருங்கள். மஞ்சள், அம்பர், சிவப்பு என்று மூன்று நிலை. அம்பர் வந்தாலே இறங்கிவிடுங்கள், ஹோட்டலுக்குக் கட்டிய பணத்தைப் பார்க்காதீர்கள். ஊவா பக்கத்துக்கு அந்த ஆபத்து ஆண்டுக் கடைசியில் வரும். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர்களின் லயன் எனப்படும் வரிசை வீடுகள் மண்சரிவில் காலைவேளையில் அப்படியே புதைந்தன. அந்த மக்களை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

பிள்ளைகளோடு வருவதால் நான் சொல்வது கிழக்கும் வடக்கும்தான். திருகோணமலையில் நிலாவெளிக் கடல் மே மாதத்தில் அமைதியாக இருக்கும். பாசிக்குடாவில் வெகுதூரம் வரை இடுப்பளவுத் தண்ணீர்தான், சின்னப் பிள்ளைகளுக்கு நல்லது. அப்புறம் யாழ்ப்பாணம் வாருங்கள். வெயில் சென்னை மாதிரியே வாட்டும், ஆனால் நுங்கு கிடைக்கும், கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் வரத் தொடங்கியிருக்கும். நெடுந்தீவுக்குப் போவதென்றால் குறிகட்டுவானிலிருந்து காலைப் படகையே பிடியுங்கள். சோளகம் என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குக் காற்று பலமாக அடிக்கும் நாட்களில் மதியத்துக்கு மேல் அந்தக் கடலில் படகு நன்றாகவே ஆடும்.