மரபணுவை மாற்ற முடியாது, அப்புறம் பரிசோதனை எதற்கு?

கேள்வி: மகனுக்கு ஏழு மாதம். இரண்டாம் மாதத்திலிருந்து ரத்தமும் சளியுமாகப் போகிறது. ஆசனவாய் அருகே பவுத்திரம். மூத்தவளும் இப்படித்தான் இறந்தாள். நான் தாய்மாமனைக் கட்டியவள். டாக்டர் மரபணு பரிசோதனை செய்யச் சொல்கிறார். தேவையா?

பதில்: தேவை அம்மா, தள்ளிப்போடாதீர்கள். எந்த மரபணுவில் பழுது என்று தெரிந்தால் வைத்தியமே மாறும்.

மூன்று மாதத்துக்குள் தொடங்கிய குடல் அழற்சி, பவுத்திரம், கூடப் பிறந்தவளின் மரணம் எல்லாம் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்படுவது ஐஎல்-10 ஏற்பியைத்தான். குடலில் குடியிருக்கும் கிருமிகளோடு எதிர்ப்பு அணுக்கள் ஓயாமல் மோதாமல் 'போதும்' என்று அடக்குவது ஐஎல்-10 என்ற புரதம். அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி பழுதானால் குடல் புண்ணாகிக்கொண்டே இருக்கும். 2009-இல் இதைக் கண்டுபிடித்ததே, உறவுக்குள் மணம் செய்த இரண்டு குடும்பங்களை ஆராய்ந்துதான். அதில் ஒரு குழந்தைக்கு, ரத்த அணுக்களை உருவாக்கும் மூலச்செல்களை வேறொருவரிடமிருந்து எடுத்துச் செலுத்தியதும் நோய் அடங்கியது. ஆனால் டிடிசி7ஏ மரபணுவில் கோளாறு என்றால் குடலின் உட்படலமே பழுது. அந்த மூலச்செல் சிகிச்சை குடலைச் சரிசெய்யாது. இவ்வளவு பெரிய சிகிச்சையை ஊகத்தில் தொடங்கக் கூடாது.

எக்ஸோம் பரிசோதனை கேளுங்கள்; மரபணுக்களில் புரதம் உருவாக்கும் பகுதிகளை ஒட்டுமொத்தமாகப் படித்துப் பார்ப்பது அது. பையனோடு உங்கள் இருவரின் ரத்தத்தையும் கொடுங்கள். எந்தப் பிழை யாரிடமிருந்து வந்தது என்று அப்போதுதான் பிரித்தறிய முடியும். விண்ணப்பத்தில் 'வயிற்றுப்போக்கு' என்று மட்டும் எழுதினால் போதாது. தொடங்கிய வயது, பவுத்திரம், மூத்தவள் இறந்தது, உறவுமுறை எல்லாம் இருக்கட்டும். மூத்தவளுக்கு பயாப்சி (சோதனைக்காகச் சதைத் துணுக்கு) எடுத்திருந்தால், அதை மெழுகில் பதித்து வைத்த கட்டி இருக்கிறதா என்று மருத்துவமனையில் விசாரியுங்கள். அதிலிருந்தும் டிஎன்ஏ எடுக்க வாய்ப்புண்டு.

ரிப்போர்ட்டில் 'முக்கியத்துவம் தெரியாத மாற்றம்' என்று வந்தால் அது நோய் உறுதியானதாக அர்த்தமில்லை. ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் ஓரிரு வருடம் கழித்து அதே தரவை மறுபடி அலசச் சொல்லலாம். நோய்க்குக் காரணமான புது மரபணுக்களைக் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

ஐஎல்-10 ஏற்பிக் கோளாறு என்று உறுதியானால், ஒவ்வொரு பேறுகாலத்திலும் குழந்தைக்கு இந்த நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. பிழை எது என்று தெரிந்திருந்தால் கருவிலேயே, மூன்றாம் மாத வாக்கில், பார்த்துவிடலாம். உங்கள் பால் சேரவில்லை என்று யாராவது பழி போட்டால் காதில் வாங்காதீர்கள்.

ஒன்று அவசரம்: ஒன்பதாம் மாதம் போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசியில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி. போலியோ சொட்டும் அப்படியே. எதிர்ப்புச் சக்தியில் குறை இல்லை என்று தெரியும்வரை, உங்கள் டாக்டரைக் கேட்காமல் இவற்றைக் கொடுக்க வேண்டாம்.