பார்படாஸ்: எந்தப் பக்கத்துக் கடலில் இறங்குவது?

2024 டி20 உலகக் கோப்பையை இந்தியா அங்கே வென்றதற்கு அப்புறம் நம் குடும்பங்களுக்குப் பார்படாஸ் மேல் ஒரு மோகம் வந்திருக்கிறது. கரீபியனில் எத்தனையோ தீவுகள் இருந்தும் எனக்கு வரும் கேள்விகளில் பாதி இந்த ஒன்றைப் பற்றியதுதான். நான் நான்கு முறை போயிருக்கிறேன், அதில் இரண்டு முறை மாமனார் மாமியாரோடு. அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

மேடம், பிள்ளைகளுக்கு நாலும் ஏழும் வயசு. ரெண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. என் கணவர் பத்ஷீபா கடற்கரையின் படத்தைப் பார்த்துவிட்டு அங்கேதான் தங்க வேண்டும் என்கிறார். சரிவருமா?
*எடிசன், நியூ ஜெர்சி*

படம் எடுக்கப் போங்கள். குளிக்க வேறு பக்கம் வாருங்கள்.

பார்படாஸ் நீளம் 34 கிலோமீட்டர், அகலம் 23. பரப்பளவு கிட்டத்தட்ட சென்னை மாநகராட்சி அளவுதான். ஆனால் அந்தச் சின்னத் தீவுக்கு இரண்டு கடல்கள். கிழக்கே அட்லாண்டிக். ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்பும் அலைக்கு வழியில் நிலமே இல்லை, நேராக பத்ஷீபாவில் வந்துதான் மோதுகிறது. அங்கே காளான் மாதிரி அடி தேய்ந்து நிற்கும் பாறைகள் அந்த அலையின் வேலை. 'சூப் பவுல்' என்று சர்ஃபிங்காரர்கள் கொண்டாடும் இடமும் அதுதான். மெரினாவில் காலை இழுக்கும் அந்த இழுப்பு தெரியும் இல்லையா? அதைவிடப் பொல்லாதது. அலை வற்றியிருக்கும்போது பாறைகளுக்கு நடுவே தேங்கும் குட்டைகளில் உள்ளூர்க்காரர்கள் உட்கார்ந்து ஊறுவார்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் கைகாட்டினால் நீங்களும் உட்காரலாம். அவ்வளவுதான் அங்கே.

மேற்கே இருப்பது கரீபியன் கடல். காற்று கிழக்கிலிருந்து வருவதால் தீவே அதற்குத் தடுப்புச் சுவர். பேயின்ஸ் பே, மல்லின்ஸ், ஹோல்டவுன் பக்கமெல்லாம் காலை வேளையில் கோயில் தெப்பக்குளம் மாதிரி இருக்கும். அறை வாடகைதான் தீப்பிடிக்கும். அதனால் என் பரிந்துரை, தலைநகர் பிரிட்ஜ்டவுனை ஒட்டியுள்ள கார்லைல் பே. மணல் நல்ல மணல், தண்ணீர் அமைதி, ஆமைகளும் வரும். கண்ணாடி அடித்தளப் படகில் போனால் மூழ்கிய கப்பல்களைப் பிள்ளைகள் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். தெற்குக் கரை இரண்டுக்கும் நடுவாந்திரம். டோவர், ராக்லியில் அலை கொஞ்சம் உண்டு, ஏழு வயதுக்குக் குஷி, நாலு வயதுக்கு அழுகை. ஓய்ஸ்டின்ஸுக்குப் பக்கத்தில் மயாமி பீச் என்று ஒன்று (அமெரிக்க மயாமி அல்ல), அதில் ஒரு பக்கம் அலை, மறுபக்கம் அமைதி. தீவில் எல்லாக் கடற்கரையும் பொதுச் சொத்து, ஆகவே மலிவான இடத்தில் தங்கிவிட்டு விலையுயர்ந்த கரையில் போய்க் குளிக்கலாம். யாரும் தடுக்க முடியாது.

ஒன்று மட்டும் கவனம். நமக்குக் கடல் என்றால் கால் நனைப்பது. ஓரமாக நின்று, கையைப் பிடித்துக்கொண்டு, அலை வந்தால் கத்துவது. மேற்குக் கரையில் அலையே வராதா, நாம் பிடித்த கையை விட்டுவிட்டு போனை எடுத்துவிடுகிறோம். அங்கே காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. காற்றடைத்த வளையத்தில் குழந்தையை மிதக்கவிட்டால் சத்தமில்லாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வளையம் வேண்டாம். உடம்பைப் பிடிக்கும் லைஃப் ஜாக்கெட்டை வீட்டிலேயே போட்டுப் பார்த்து எடுத்துப் போங்கள். வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் பெரியவர்கள் அளவு.

நாங்கள் சென்னைக்காரர்கள். எங்களுக்கும் சன்ஸ்கிரீன் தேவையா?
*பிளேனோ, டெக்சஸ்*

தேவை. பிரிட்ஜ்டவுனும் சென்னையும் ஒரே அட்சரேகை, ஏறக்குறைய 13 டிகிரி வடக்கு. அதாவது அங்கே அடிப்பது அதே வெயில்தான். சென்னையில் பகல் பன்னிரண்டு மணிக்குச் சட்டையில்லாமல் மூன்று மணி நேரம் மணலில் கிடந்திருக்கிறீர்களா? இல்லையே. அங்கே கடல்காற்று விடாமல் வீசுவதால் சூடே தெரியாது, ராத்திரிதான் தோள்பட்டை எரியும். பதினொன்றிலிருந்து மூன்று வரை உள்ளே இருங்கள். முழுக்கை நீச்சல் சட்டை போட்டால் பாதிக் களிம்பு மிச்சம்.

எனக்கு எச்-1பி வேலை விசா. பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகிவிட்டது, ஐ-797 அனுமதிக் கடிதம் இன்னும் இரண்டு வருடம் செல்லும். மெக்சிகோ போய் வந்தபோது பிரச்சினை இல்லை. பார்படாஸுக்கும் அப்படியே போய் வரலாமா? ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் கூட்டிப் போக ஆசை.
*சான் ஹோசே*

போகலாம், திரும்பி வரத்தான் முடியாது. உங்கள் மடல் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் வந்தது நல்லதாயிற்று.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் பார்படாஸில் விசா வேண்டாம், அந்தப் பக்கம் சிக்கல் இல்லை. சிக்கல் அமெரிக்கா திரும்பும்போது. மெக்சிகோவிலிருந்து உங்களை உள்ளே விட்டது 'ஆட்டோமேட்டிக் ரீவேலிடேஷன்' என்ற விதி. முப்பது நாளுக்குள் திரும்பினால், எத்தனை நாள் தங்கலாம் என்று காட்டும் ஐ-94 பதிவு செல்லுபடியாக இருந்தால், காலாவதியான முத்திரையையும் ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் எச்-1பி ஆட்களுக்கும், எச்-4இல் இருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் அது கனடா, மெக்சிகோவுக்கு மட்டுமே. கரீபியன் தீவுகளையும் சேர்த்துக்கொள்ளும் சலுகை எஃப், ஜே விசாக்காரர்களுக்குத்தான். அதாவது மாணவரான உங்கள் தம்பி போய் வரலாம், நீங்கள் முடியாது! விமான நிறுவனமே பிரிட்ஜ்டவுனில் உங்களை ஏற்றாது. கடல்தான் வேண்டும் என்றால் போர்ட்டோ ரீக்கோ அல்லது அமெரிக்க விர்ஜின் தீவுகளைப் பாருங்கள், அவை அமெரிக்க ஆட்சிப்பகுதி.

அப்பா அம்மாவின் பி-2 சுற்றுலா விசா பலமுறை நுழையக்கூடியதா என்று முதலில் பாருங்கள். இன்னொரு விஷயம்: தீவுக்கு ஒரு வாரம் போய் வந்தால் புதிதாக ஆறு மாதம் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அதை நம்பிப் பேரன் பிறந்தநாளுக்குத் தேதி குறிக்காதீர்கள். பழைய ஐ-94இல் மிச்சமிருக்கும் நாளையே திருப்பிக் கொடுக்க அதிகாரிக்கு உரிமை உண்டு.

டொராண்டோ வழியாக டிக்கெட் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். கனடா விசா இல்லாத பெற்றோர் நடுவழியில் மாட்டிக்கொள்வார்கள்.

அக்கா, நாங்கள் ஸ்காபரோவில இருந்து ஏழு பேர் போறம். மாமி முழுச் சைவம். இவருக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. பிள்ளையளுக்கு ரெண்டும் பிடிக்காது. சாப்பாட்டுக்கு என்ன செய்யிறது?
*ஸ்காபரோ, கனடா*

சுலபமானவரிடமிருந்து தொடங்குகிறேன் தங்கச்சி. பார்படாஸின் தேசிய உணவே பறக்கும் மீன். நம் மீனவர்கள் பறவைக்கோலா என்பார்களே, அந்த இனம்தான். அதோடு வைப்பது கூகூ. சோளமாவையும் வெண்டைக்காயையும் விடாமல் கிண்டி எடுக்கிற களி. வெள்ளிக்கிழமை இரவு ஓய்ஸ்டின்ஸில் மீன் சந்தையை ஒட்டி வரிசையாகக் கடைகள் போட்டுச் சுடச்சுடப் பொரித்தும் வாட்டியும் கொடுப்பார்கள். கூட்டமும் பாட்டும் பின்னேரமாகக் கூடிக்கொண்டே போகும். பிள்ளைகளோடு ஆறு மணிக்கே போய்விடுங்கள்.

மாமிக்கு ஒரு பொறி இருக்கிறது. 'பீஸ் அண்ட் ரைஸ்' என்று எல்லாக் கடையிலும் கிடைக்கும். துவரையும் சோறும், பார்த்தால் பச்சைச் சைவம். அதில் வாசனைக்கு உப்பிட்ட பன்றி வால் போடுவது அந்த ஊர் வழக்கம். என் மாமியார் இரண்டு கரண்டி சாப்பிட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவரிடம் இன்று வரை சொல்லவில்லை. இறைச்சி இருக்கிறதா என்று பொதுவாகக் கேட்டால் இல்லை என்பார்கள், வால் அவர்களுக்கு இறைச்சிக் கணக்கில் வராது. பன்றி வால் போட்டதா என்று அப்படியே கேளுங்கள். நம்பிக்கையான இடம் ராஸ்தாஃபாரி சமயத்தாரின் 'ஐட்டல்' உணவுக் கடைகள், அங்கே இறைச்சி கிடையாது. உப்பும் பெரும்பாலும் இருக்காது, அதனால் ஊறுகாய்ப் போத்தல் பையில் இருக்கட்டும். ரொட்டிக் கடைகளில் கடலையும் உருளைக்கிழங்கும் கறியாக வைத்து மடித்த ரொட்டி கிடைக்கும். இது டிரினிடாட், கயானா வழியாக வந்தது. கறி அவர்கள் பாணி, யாழ்ப்பாணத் தூளின் உறைப்பை எதிர்பார்க்க வேண்டாம். உறைப்பு வேண்டுமென்றால் மேசையில் இருக்கும் மஞ்சள் நிற மிளகாய்ச் சாஸ். கடுகும் மஞ்சளும் சேர்த்தது, ஒரு சொட்டுப் போதும்.

ஏழு பேர் என்றால் குசினி உள்ள வீடாக எடுங்கள். சந்தையில் ஈரப்பலாக்காய், பூசணி, பயிற்றங்காய் எல்லாம் உண்டு. அம்பரல்லாவை அவர்கள் 'கோல்டன் ஆப்பிள்' என்கிறார்கள், மாமி கண்டால் சம்பலுக்குக் கேட்பார். கறித்தூள் கொண்டு போகலாம். கறிவேப்பிலை, பச்சைக் காய் வேண்டாம், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். நவம்பரில் போனால் காங்கீஸ் கேளுங்கள். சோளமாவு, தேங்காய், பூசணி, உலர்ந்த திராட்சை கலந்து வாழையிலையில் மடித்து அவித்தது. இலை அடைக்கு அக்கா தங்கை. பிள்ளைகளுக்கு மக்ரோனி பை இருக்கிறது, அவர்கள் பாடு ஆயிற்று.

புடவையோடு கடலில் இறங்கினால் யாராவது ஏதாவது சொல்வார்களா?
*ஒரு பாட்டி, அட்லாண்டா*

கடலில் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள் அம்மா. சொல்வதென்றால், மேலாடை இல்லாமல் கிடப்பவர்களைத்தான் சொல்வார்கள், அங்கே அது சட்டப்படி குற்றம். ஆனால் நனைந்த புடவை காலைச் சுற்றும். சுடிதார் கால்சட்டையும் நைலான் மேற்சட்டையும் போட்டுக்கொண்டால் உங்களுக்குத்தான் நிம்மதி. ஹோட்டல் நீச்சல் குளத்தில் மட்டும் பருத்தித் துணிக்கு மறுப்பு வரலாம்.

ஜூலையில் போகலாமா? புயல் பயமாக இருக்கிறது.
*சிகாகோ*

புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. பார்படாஸ் மற்றத் தீவுகளிலிருந்து விலகிக் கிழக்கே தனியாக நிற்பதால் பல புயல்கள் வடக்கே வளைந்து தப்பவிட்டுவிடும். 1955இல் ஜேனட் அடித்த பிறகு 2021இல் எல்சா வரும்வரை ஒரு ஹரிக்கேன்கூட நேரடியாகத் தாக்கவில்லை. ஆனால் 2024இல் பெரில் வந்ததே! ஜூன் 29 இறுதிப்போட்டி, ஜூலை 1 புயல். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இந்திய அணி ஹோட்டலில் அடைந்து கிடந்தது. தனி விமானம் வந்து ஜூலை 4 காலையில்தான் டெல்லி போய்ச் சேர்ந்தார்கள். உங்களுக்குத் தனி விமானம் வராது, பயணக் காப்பீடு எடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்தால் அந்தப் புயலுக்கு அது செல்லாது.

என்னைக் கேட்டால் ஜூலையில் புயலைவிடப் பாசிதான் தலைவலி. சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி 2011 முதல் அட்லாண்டிக்கிலிருந்து குவியல் குவியலாக வருகிறது. ஒதுங்கி அழுகினால் அழுகிய முட்டை நாற்றம். கிழக்கும் தெற்கும் மாட்டிக்கொள்ளும், மேற்கு பெரும்பாலும் தப்பிக்கும். மேற்கே பணத்தைக் கொட்டுவதற்கு இது ஒரு நியாயமான காரணம். டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை நல்ல பருவம், விலையும் அதற்கேற்றபடி.

வாடகைக் கார் எடுக்கவா?
*சார்லட்*

ஊரில் ஓட்டிப் பழகியவர் என்றால் எடுங்கள், அங்கேயும் இடப்பக்கம்தான். பார்வையாளர் ஓட்டுநர் அனுமதியைக் கார் கொடுப்பவரே வாங்கித் தருவார். உள்நாட்டுச் சாலைகள் ஒடுக்கம். கரும்பு வளர்ந்து நிற்கும்போது முச்சந்தியில் எதிர்வண்டி தெரியாது. ஒரு நாளாவது பேருந்தில் போங்கள். 2019இல் கட்டணம் 3.50 பார்படாஸ் டாலர் ஆனது. நீல அரசுப் பேருந்தில் சில்லறை தர மாட்டார்கள். நிறுத்தங்களில் 'நகரத்துக்கு', 'நகரத்திலிருந்து' என்று இரண்டே வகைப் பலகை, வழி தவறவே முடியாது. ஏறியதும் குட் மார்னிங் சொல்லுங்கள், சொல்லாதவரை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

விலை கேட்கும்போது எந்த டாலர் என்று கேளுங்கள். இரண்டு பார்படாஸ் டாலர் ஒரு அமெரிக்க டாலர், 1975 முதல் மாறாத கணக்கு. கேட்காமல் கொடுத்தால் இரட்டிப்பாகக் கொடுப்பீர்கள்.

பையனுக்கு ராணுவப் பச்சைப் புள்ளி போட்ட டவுசர் வாங்கிவிட்டேன்...
*சியாட்டில்*

வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ராணுவ உடை அச்சு அங்கே சட்டவிரோதம், குழந்தைக்கும் சேர்த்துத்தான்.

கடற்கரை மரத்தில் சிவப்பு வளையம் இருந்தால் தொடக் கூடாதாமே?
*ஃபிரிமான்ட்*

மான்சினீல் மரம். பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரி காய், வாயில் வைத்தால் ஆபத்து. மழைக்குக்கூட அடியில் ஒதுங்கக் கூடாது, இலையிலிருந்து சொட்டும் நீரே போதும். என் மாமனார் ஒதுங்கினார், தேங்காய் விற்றவர் ஓடி வந்து இழுத்துப் போட்டார். எல்லா மரத்திலும் வளையம் இருக்கும் என்று நம்ப வேண்டாம். வட்டமான பெரிய இலையோடு கொத்துக் கொத்தாகக் காய்ப்பது கடல் திராட்சை, அது வேறு, பழுத்தால் தின்னலாம்.

என் வயது 71. எனக்குக் கடல் முக்கியமில்லை. கென்சிங்டன் ஓவலைப் பார்க்க வேண்டும். ரோஹித் ஆடுகளத்து மண்ணைக் கிள்ளி வாயில் போட்டாரே, அதில் ஒரு பிடிமண் கொண்டுவர முடியுமா?
*ஒரு தாத்தா, ஹூஸ்டன்*

ஓவல் பிரிட்ஜ்டவுன் நகரத்திலேயே இருக்கிறது ஐயா, கார்லைல் பேயிலிருந்து காரில் கொஞ்ச நேரம்தான். பேத்திகள் குளிக்கும்போது நீங்கள் போய் வந்துவிடலாம். ஆட்டம் இல்லாத நாளில் உள்ளே விடுவார்களா என்று தங்கும் இடத்தில் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். இறுதிப்போட்டியில் கடைசி ஓவரின் முதல் பந்தில் தென்னாப்பிரிக்காவின் மில்லர் அடித்ததை சூர்யகுமார் பிடித்தது லாங் ஆஃப் எல்லையில், அங்கே நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிடிமண் மட்டும் வேண்டாம். அனுமதிச்சீட்டு இல்லாமல் வெளிநாட்டு மண்ணை அமெரிக்காவுக்குள் விட மாட்டார்கள், ஹூஸ்டனில் பையைத் திறந்து எடுத்துவிடுவார்கள். ரோஹித் வாயில் போட்டுக்கொண்டது எவ்வளவு புத்திசாலித்தனம் பாருங்கள்.